கணக்கில் வராத பாட்டில்

(எடைக் குறைப்பு பற்றிப் புதுச்சேரியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் உணவியல் ஆலோசகர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடல் எடையும் உணவும் என்று பொதுவாகப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். பீரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கம்பையும் கேழ்வரகையும் பற்றிப் பேச நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். குடிக்காதே என்று சொல்கிற மேடை இருக்கிறது. வா, வந்து குடி என்று கூப்பிடுகிற போர்டு தெருவுக்குத் தெரு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். சனிக்கிழமை மாலை நண்பர்களோடு ஒரு பாட்டில், இரண்டு பாட்டில் பீர் குடிக்கிறார். பேண்ட் இடுப்பு இறுகிவிட்டது. டாக்டர் எட்டுக் கிலோ குறைக்கச் சொல்லிவிட்டார். டயட்டில் இருக்கும்போது பீர் குடிக்கலாமா, குடித்தால் எவ்வளவு என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதை வீட்டில் கேட்க முடியாது, டாக்டரிடம் கேட்கக் கூச்சம். நண்பர்களிடம் கேட்டால் “பீர் ஒண்ணும் பண்ணாது மச்சி” என்பார்கள். அந்த மனிதருக்காகவும் அவர் வீட்டில் இருப்பவர்களுக்காகவும்தான் இந்தப் பேச்சு.

முதலில் நம் ஊர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. 1,13,000-க்கு மேற்பட்டவர்களை நேரில் சோதித்து எடுத்த கணக்கு அது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 11.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவா 26.4 சதவீதத்துடன் முதலிடம், நாம் ஒரு மயிரிழை பின்னால். உடல் பருமனில் புதுச்சேரிதான் முதலிடம்: 53.3 சதவீதம். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வதிலும் நாம்தான் முதல்: 61.2 சதவீதம். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லையை வைத்து அளந்தது இது. பத்துப் பேரில் ஆறு பேர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள்.

இதற்குப் பீர்தான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத பெண்கள் எத்தனையோ பேர் அந்த 61 சதவீதத்துக்குள் இருக்கிறார்கள். மூன்று வேளையும் அரிசி, நகரத்து உட்கார்ந்த வேலை, நடக்க இடமில்லாத தெரு, பரம்பரை எல்லாம் சேர்ந்ததுதான் இது. ஆனால் எடைக் குறைப்புக்கு வருகிற ஆண்களிடம் சோற்றைக் கேட்கிறோம், எண்ணெயைக் கேட்கிறோம், டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்கிறோம். பாட்டிலைக் கேட்பதில்லை. கேட்டாலும் “எப்பவாவதுங்க” என்று ஒரு பதில் வரும். அந்த ‘எப்பவாவது’ மாதம் ஒருமுறையாகவும் இருக்கும், வாரம் மூன்று முறையாகவும் இருக்கும். பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தால் அதற்கு மேல் எதுவும் வெளியே வராது. சார்ட் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

அந்த சார்ட் வீட்டில் என்ன ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள். அந்த அம்மா அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிறார். எண்ணெய் விடாமல் தோசை ஊற்றுகிறார். சோற்றை அளந்து வைக்கிறார், காயைக் கூட்டுகிறார், தேங்காயைக் குறைக்கிறார். ஒரு மாதம் கழித்து எடை மெஷினில் ஏறினால் முள் அசையவே இல்லை. தன் சமையலில்தான் ஏதோ தப்பு என்று அவர் நினைத்துக்கொள்கிறார். என்னை மேடை ஏற வைத்தது இதுதான். எழுதப்படாத ஒரு பாட்டிலின் பழி, அடுப்படியில் நிற்கிறவர் தலையில் விழுகிறது.

புதுச்சேரியில் பீர் ஏன் இவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் எல்லையைத் தாண்டி, கோட்டக்குப்பத்திலிருந்து அந்தப் பக்கம் அன்று மதராஸ் மாகாணம். ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, கடைகள் திறந்திருந்தன. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது, 1962-இல் சட்டப்படியும் நாம் இந்தியாவோடு இணைந்தோம். கடைகள் அப்போதும் மூடவில்லை. தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், சில ஆண்டுகளில் மறுபடி கொண்டுவந்தார்கள், பிறகு மீண்டும் தளர்த்தி 1983-இல் டாஸ்மாக்கைத் தொடங்கினார்கள். அங்கே மாறிமாறி நடந்த இத்தனைக்கும் நடுவில், எல்லை தாண்டினால் கிடைக்கும், விலையும் குறைவு என்ற பெயர் புதுச்சேரிக்கு நிலைத்துவிட்டது. இன்றும் வெள்ளிக்கிழமை ராத்திரி ஈ.சி.ஆரில் வருகிற கார்களைப் பார்த்தால் தெரியும்.

வெளியூர்க்காரர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து இரண்டு நாள் குடித்துவிட்டுப் போய்விடுவார். நாம் இங்கேயே இருக்கிறோம். அவரோடு உட்கார்ந்து கம்பெனி கொடுக்கிற உள்ளூர் நண்பருக்கு இந்த வாரம் ஒரு கூட்டம், அடுத்த வாரம் வேறொரு கூட்டம். விருந்தாளிக்கு அது சுற்றுலா. நம் ஆளுக்கு அது வாரா வாரம் வருகிற வழக்கமாகிவிட்டது.

இனி கணக்குக்கு வருவோம். பொறுமையாகக் கேளுங்கள், முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

பிரான்சில் உறவினர்கள் உள்ள குடும்பங்கள் இந்த அவையிலேயே பல இருக்கும். அங்கே ஒரு கஃபேயில் உட்கார்ந்து பீர் கேட்டால் வழக்கமாக வருவது 25 சென்டிலிட்டர் கண்ணாடி, அதாவது 250 மில்லி. ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம். 250 மில்லியில் 12.5 மில்லி ஆல்கஹால். எடையில் சொன்னால் சுமார் 10 கிராம். அந்த நாட்டில் ‘ஒரு கிளாஸ்’ என்று மருத்துவர்கள் கணக்கிடுவது இந்த 10 கிராமைத்தான்.

நம் ஊரில் ‘ஒரு பீர்’ கேட்டால் வருவது 650 மில்லி பாட்டில். அதிலும் பெரும்பாலோர் கேட்பது ஸ்ட்ராங். லேபிளில் 8 சதவீதம் வரை என்று போட்டிருக்கும். அந்த 8-ஐயே வைத்துக்கொண்டால் 52 மில்லி ஆல்கஹால், எடையில் 41 கிராம். அங்கே நான்கு பேர் நான்கு கிளாஸில் குடிப்பதை இங்கே ஒருவர் ஒரே பாட்டிலில் குடித்துவிட்டு “ஒரே ஒரு பீர்தான்” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பாட்டில் ஒன்றுதான்.

இன்னொரு வகையில் பாருங்கள். பிராந்தி, விஸ்கியில் லார்ஜ் என்பது 60 மில்லி. அதில் ஆல்கஹால் சுமார் 20 கிராம். ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் இரண்டு லார்ஜுக்குச் சமம். “நான் ஹாட் எல்லாம் தொடறதில்லை, பீர் மட்டும்தான்” என்று சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது பாருங்கள், அந்த நிம்மதிக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

கலோரி எவ்வளவு? மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. ஆல்கஹாலுக்கு 7. கிட்டத்தட்ட எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. 5 சதவீத சாதா பீர் 650 மில்லியில் ஆல்கஹால் தருவது சுமார் 180 கலோரி. நொதிக்காமல் மிஞ்சிய மால்ட் மாவுச்சத்து தருவது 90, 100. மொத்தம் 280-க்குப் பக்கம். ஸ்ட்ராங் என்றால் ஆல்கஹால் மட்டுமே 290 கலோரி வரும், மொத்தம் 400-ஐத் தொடும். 330 மில்லி சின்ன பாட்டில், சாதா பீர், 140 கலோரி.

நம் கடற்கரைச் சாலை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். 70 கிலோ எடை உள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். ஒரு சாதா பீரை நடந்து கழிக்க அந்தச் சாலையின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நான்கு தடவை நடக்க வேண்டும். ஒரு ஸ்ட்ராங்குக்கு ஐந்தரை தடவை. நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் ஒரு பீர் என்பது பலரின் பழக்கம். இரண்டு தடவை நடந்துவிட்டு ஒரு ஸ்ட்ராங் குடித்தால் வீட்டுக்கு வரும்போது 200 கலோரிக்கு மேல் கடன் வந்துவிடும்.

இந்தக் கணக்கு ஏன் யாருக்கும் தெரிவதில்லை? பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் கலோரி அச்சடித்திருக்கும். பீர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ஆல்கஹால் சதவீதம் இருக்கும், உடல்நலத்துக்குத் தீங்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர் என்ற எச்சரிக்கை இருக்கும். கலோரி போட வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இல்லை. சோறு, இட்லி, பூரி எல்லாவற்றுக்கும் கலோரி தெரிந்த மக்கள் இதில் மட்டும் இருட்டில் இருக்கிறார்கள். இந்தியாவிலேயே பருமன் அதிகமான ஊர் நம்முடையது. இங்கே பார் உரிமம் கொடுக்கும்போதே, விலைப் பட்டியலில் கலோரியையும் எழுத வேண்டும் என்று அரசு ஒரு நிபந்தனை போட்டால் என்ன? வருமானம் குறையும் என்று பயந்தால், ஜிப்மரிலும் அரசு மருத்துவமனைகளிலும் சர்க்கரை நோய்க்கு ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

அடுத்து, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. அது நஞ்சு என்பதால் கல்லீரல் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் எரிக்கிறது. மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் அதனால் முடியும். 41 கிராமுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம். அதுவரை கொழுப்பை எரிக்கும் வேலை மட்டுப்பட்டுக் கிடக்கும். குடித்த ஆல்கஹாலில் மிகச் சிறு பகுதிதான் நேரடியாகக் கொழுப்பாகிறது. கூடச் சாப்பிட்டீர்களே, அதிலிருக்கும் எண்ணெய்தான் எரியாமல் தங்கிவிடுகிறது. ஆகவே பீர் தொப்பையைப் பற்றிப் பேசினால் சைட் டிஷ்ஷைப் பற்றிப் பேசாமல் முடியாது.

ஒரு சனிக்கிழமை ராத்திரியை எடுத்துக்கொள்வோம். பாட்டில் வருவதற்கு முன்பே மேசையில் சின்னத் தட்டில் வறுத்த கடலையோ மிக்சரோ வந்துவிடும். உப்பும் காரமும் சேர்ந்து தாகத்தைக் கூட்டும். முதல் பாட்டில் பாதி ஆகும்போது சிக்கன் 65. இரண்டாவது பாட்டிலுக்கு நெத்திலி வறுவல். நெத்திலி நல்ல மீன், குழம்பில் போட்டால் அதைப் போல் டயட்டுக்கு உகந்தது இல்லை. ஆனால் அது விரல் நீளச் சின்ன மீன். மாவு பூசி எண்ணெயில் போட்டால் ஒவ்வொரு மீனும் நான்கு பக்கமும் எண்ணெய் குடிக்கும். அதே எடை வஞ்சிரத் துண்டு குடிப்பதைவிட அதிகம் குடிக்கும். மணி பத்தரை. ஆல்கஹாலுக்குப் பசியைத் தூண்டுகிற குணம் உண்டு, போதும் என்று நிறுத்துகிற புத்தியைத் தளர்த்துகிற குணமும் உண்டு. தெருவோரப் பரோட்டாக் கடையில் கல் சூடாக இருக்கிறது. மாஸ்டர் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் மைதா உருண்டையை எடுத்து வீசி, மடித்து, கல்லில் போட்டு, சுற்றிலும் இன்னும் ஒரு கரண்டி விடுகிறார். வெந்த நான்கைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுகிறார். ஒரு பரோட்டாவில் 60 கிராம் மைதாவும் 8, 9 கிராம் எண்ணெயும் இருந்தால் 290 கலோரி. மூன்று பரோட்டா, சால்னா.

கூட்டுவோம். இரண்டு ஸ்ட்ராங் 800. சிக்கன் 65-க்கு என் மதிப்பீடு 400. நெத்திலியை விட்டுவிடுவோம், பகிர்ந்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். பரோட்டாவும் சால்னாவும் 1,000. மொத்தம் 2,200. வழக்கமான ராத்திரிச் சாப்பாட்டின் 500-ஐக் கழித்தால் கூடுதலாக உள்ளே போனது 1,700.

இப்போது டயட் கணக்கு. உட்கார்ந்து வேலை செய்கிற சராசரி ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி என்று ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. அதில் தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு 3,500 மிச்சம், சுமார் அரைக் கிலோ இறங்கும். அந்த 3,500-இல் பாதி ஒரே சனிக்கிழமை ராத்திரியில் போய்விட்டது. வாரத்தில் இன்னொரு நாளும் அப்படி உட்கார்ந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. ஐந்து நாள் வயிற்றைக் கட்டியது வீண். முள் ஏன் அசையவில்லை என்பதற்கு விடை இதுதான், எண்ணெய் விடாத தோசையில் எந்தக் குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எடை பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. முதல் நாள் குடித்தவருக்கு மறுநாள் காலை எடை குறைந்துகூடக் காட்டும். ஆல்கஹால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்கிவிடுவதால் தண்ணீர் வெளியேறிவிடுகிறது. அது தண்ணீர் எடை. திங்கள், செவ்வாயில் உப்போடு சேர்ந்து திரும்பி வந்துவிடும்.

சரி, டயட்டில் பீருக்கு இடமே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். குடிக்காதவர் தொடங்குவதற்கு எந்தக் காரணமும் கிடையாது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்துவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் மது 1988-லிருந்தே இருக்கிறது. நான் பேசுவது ஏற்கெனவே குடிக்கிற, அளவோடு நிறுத்தக்கூடிய, வேறு நோய் இல்லாதவரைப் பற்றி.

அவருக்கு நான் சொல்வது, சார்ட்டிலேயே அதை எழுதுங்கள் என்பதுதான். சனிக்கிழமை ராத்திரி, சாதா பீர், 330 மில்லி, 140 கலோரி. அன்றைக்குச் சோற்றில் 100 கிராம் குறையுங்கள், கணக்கு நேராகிவிடும். காயையும் மீனையும் முட்டையையும் குறைக்காதீர்கள். எழுதுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எழுதினால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. தெரிந்தது இரண்டாவது பாட்டிலாக வளர்வது கடினம். 140 கலோரியை வாரம் ஒரு முறை, அது போதவில்லை என்றால் இரண்டு முறை, எந்த டயட்டும் தாங்கும். 650 மில்லி ஸ்ட்ராங்கை எந்த டயட்டும் தாங்காது. கடையில் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று எந்தப் பாட்டிலை எடுக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வெற்றி.

ராத்திரிச் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஏழு, ஏழரைக்கு வீட்டில் மீன் குழம்பும் கொஞ்சம் சோறும் பொரியலும் சாப்பிட்டுவிட்டுப் போகிறவருக்குப் பரோட்டாக் கடை அவ்வளவாகக் கண்ணில் படாது. சிலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ராத்திரி பீர் இருக்கிறதே என்று காலையிலிருந்து பட்டினி கிடக்கிறார்கள். வெறும் வயிற்றில் ஆல்கஹால் சட்டென்று ஏறும், நிதானம் போகும், பிறகு வெறி பிடித்தாற்போல் பசிக்கும். மேசையில் வெள்ளரிக்காய், தக்காளி, சுண்டல் போதும். சுட்ட மீன் கிடைத்தால் சாப்பிடுங்கள். ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் கூடவே இருக்கட்டும்.

ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது கிடைக்கிறது. நண்பர்களோடு கையில் ஏதாவது வேண்டும் என்பவருக்கு அது உதவும். சாதா பீரில் பாதிக் கலோரிதான் பலவற்றில் இருக்கும். சிலவற்றில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். நல்லவேளையாக இவற்றின் லேபிளில் ஊட்டச்சத்து விவரம் இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள்.

பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தை ஒதுக்குகிற டயட்டில் இருப்பவர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள்: பீரில் கார்ப் இருக்கிறது, விஸ்கியில் இல்லை, ஆகவே விஸ்கிக்கு மாறிவிட்டோம். கார்ப் இல்லை என்பது உண்மை. ஒரு லார்ஜில் 140 கலோரி இருப்பதும் உண்மை. குவார்ட்டர் என்றால் 420-க்கு மேல். கல்லீரல் அந்த ஆல்கஹாலை எரித்து முடிக்கும்வரை கொழுப்பை அவ்வளவாகத் தொடாது என்பதும் மாறப்போவதில்லை. கொழுப்பு எரிய வேண்டும் என்றுதானே அந்த டயட்டே?

இன்னொரு பக்கம் ஒல்லியான பிள்ளைகள். “தினம் ஒரு பீர் அடி, உடம்பு வைக்கும்” என்று கல்லூரிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உடம்பு வைக்கும்தான். தசையாக வைக்காது, வயிற்றில் வைக்கும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் டாக்டர் யுட்கினும் 2004-இல் லான்செட்டில் தங்கள் இருவரின் படத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே நம் உடம்பில் கொழுப்பு கூடுதல். இடுப்பை டேப் வைத்து அளக்காமல் ஒருவரை ஒல்லி என்று சொல்லாதீர்கள்.

கிட்னிக் கல்லுக்குப் பீர் மருந்து என்ற நம்பிக்கையும் இருக்கிறது. சிறுநீர் அதிகம் போவது உண்மை. பிறகு உடம்பு வறண்டுபோகும், கல்லுக்கு அதுதான் வசதி. யூரிக் அமிலத்தையும் பீர் கூட்டும், கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கும் கௌட் உள்ளவர்களுக்குத் தெரியும். தண்ணீர் குடியுங்கள்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்களும் குடிக்கிறார்கள், ஆண்களைவிட அதிகமாக மறைக்க வேண்டியிருக்கிறது. பெண் உடம்பில் தண்ணீர் குறைவு, ஆகவே அதே பாட்டில் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாள் தேவை 1,660 கலோரிதான். ஒரு ஸ்ட்ராங் அதில் கால்வாசி. கர்ப்பமாக இருந்தால் ஒரு சொட்டும் கூடாது. ஆலோசகரிடம் வரும்போது தயங்காமல் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற ஆலோசகரானால் வேறு ஒருவரிடம் போங்கள்.

நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள ஊரில் இதைச் சொல்லாமல் இறங்கக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால், ராத்திரியில் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சர்க்கரை குறையும்போது புதிதாக உற்பத்தி செய்து கொடுக்க வேண்டிய கல்லீரல் ஆல்கஹாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். வேர்வையும் உளறலும் தள்ளாட்டமும் போதை மாதிரியே இருப்பதால் வீட்டில், தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டுவிடாதீர்கள். குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்தவர்களுக்கு என் சார்ட்டில் பீர் கிடையாது, 330 மில்லியும் கிடையாது. அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தினமும் குடிக்கிறவர்கள் சிலரும் இங்கே இருப்பீர்கள், அல்லது அவர்களின் வீட்டார் இருப்பீர்கள். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நாளையிலிருந்து டயட் என்று ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும்கூட வரலாம். உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு. மருந்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டிய விஷயம் அது. மனநலப் பிரிவு உள்ள எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. போதை மீட்புக்கென்று 14446 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. முதலில் அங்கே பேசுங்கள். கை நடுக்கம் நின்று, இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு வாருங்கள், எடைக் கணக்கை உட்கார்ந்து போடுவோம்.